தாக்கமும் கையாடலும்

கலையுலகில் ‘தாக்கம்’ என்னும் சொல்லைப் போல் அளவுக்கு மீறி உழைக்கும் சொல் பிறிதொன்று இல்லை. ஒருவன் பிறனுடைய நடையில் மயங்கி, நெடுநாள் அதிலேயே தோய்ந்து, பின்னர்த் தனக்கென ஒரு நடையை அமைத்துக்கொண்டால் அதற்கும் தாக்கம் என்றே பெயர். பிறன் செய்த பாட்டைத் தலைப்போடு தூக்கிவந்து, அதன்மேல் தன் பெயரைப் பொறித்து விற்றால் அதற்கும் தாக்கம் என்றே பெயர். மாலை தொடுப்பவனையும் மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனையும் ஒரே பெயரால் அழைக்கும் ஊரில் நியாயம் கேட்பது எவ்வாறு?

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை ஆராய்வதற்கு, மேனாட்டு ராக் இசையில் பெரும்புகழ் ஈட்டிய ஒரு கித்தார்க் கலைஞரின் கதை மிகவும் பொருந்தும். அவர் இங்கிலாந்து நாட்டு ஜிம்மி பேஜ். 1944-இல் பிறந்தவர், இலண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் பாட்டுகளுக்குக் கூலிக்கு வாசித்துக் கைத்திறன் முற்றியவர், ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவில் இருந்து, 1968-இல் ‘லெட் செப்பலின்’ என்னும் நால்வர் குழுவை அமைத்தவர். கித்தார் பழகத் தொடங்கும் மாணவன் எந்நாட்டினனாயினும், அக்குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டின் தொடக்கத்தை ஒருமுறையேனும் விரலால் தடவிப் பார்க்காமல் இருப்பது அரிது. பேஜின் திறத்தைக் குறைத்துக் கூறுவதற்கு எழுந்ததன்று இக்கட்டுரை. திறமற்றவன் எடுத்தால் அது வெறுங்களவு. ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். திறமுடையவன் எடுக்கும்போதுதான் அவனுக்காக வாதாட ஆயிரம் பேர் ஓடிவருகின்றனர். அவ்வாதங்களைச் சற்றே உரசிப் பார்த்தல் வேண்டும்.

மேனாட்டு இசைக்கும் தமிழாசிரியர்க்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். தொடர்பு இசையில் இல்லை. நூல் செய்வோனின் நாணயத்தில் இருக்கின்றது. அதற்கு இலக்கணமே வகுத்த மொழி தமிழ். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல் மூவகைப்படும் என்பதைப் பவணந்தியாரின் நன்னூல் பயின்றோர் அனைவரும் அறிவர். வழிநூல் செய்வோன் முதல்நூலின் பொருளைக் கொள்ளலாம். தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்க்கலாம். முன்னோர் பொருளை மட்டுமன்றி, அவர்தம் சொல்லையே எடுத்தாள்வதையும் நன்னூல் பழிக்கவில்லை, போற்றவே செய்கின்றது. ஆயின் அதே நன்னூல், சிறப்புப்பாயிரத்தில் இடம்பெற வேண்டிய எட்டுச் செய்திகளைக் கூறும்போது, ஆக்கியோன் பெயரை முதலிலும் அதனை அடுத்து ‘வழி’யையும் வைத்தது. நூலின் பெயருக்கும் பயனுக்கும் முன்பாகவே, இஃது எவ்வழி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கம்பர் தம் காப்பியத்தின் பாயிரத்திலேயே, வடமொழியில் இக்கதையைச் செய்தாருள் முதல்வரின் வழியே தாம் செல்வதாகக் கூறிவிட்டார். அதனால் கம்பர் குறைந்துபோனாரா?

இசைத்தட்டின் நடுவே ஒட்டப்பட்டிருக்கும் வட்டத்தாளே பாட்டுக்குப் பாயிரம். பாட்டின் தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்தில், அதனை ஆக்கியோன் பெயர் இருக்கும். கேட்போர் பெரும்பாலும் அதனைப் படிப்பதில்லை. ஆனால் பணம் அதனைப் படிக்கின்றது. அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், விற்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் என்று உரிமைத்தொகை வகுத்தது. 1978 வரை அவ்விகிதம் மாறவில்லை. பாட்டை வெளியிட்ட நிறுவனமும் ஆக்கியோனும் அதனைப் பங்கிட்டுக்கொள்வர். வானொலியில் ஒலிபரப்பானால் அதற்குத் தனித்தொகை. ஒரு சென்ட் என்பது தெருவில் கிடந்தாலும் குனிந்து எடுக்கத் தோன்றாத காசுதான். பல இலட்சம் தட்டுகள் விற்கும்போது அக்காசு மாளிகையாகின்றது. ஆகவே அவ்வட்டத்தாளிலிருந்து ஒருவர் பெயர் விடுபடுவது மரியாதைக் குறைவு என்ற அளவில் நிற்பதில்லை. அவர் வீட்டு அடுப்புவரை சென்று தொடுகின்றது.

லெட் செப்பலின் குழுவின் வேர் ‘புளூஸ்’ என்னும் இசையில் இருந்தது. அஃது அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்து, வேலை தேடிய அம்மக்களோடு வடக்கே சிகாகோவுக்கு இடம்பெயர்ந்த இசை. பன்னிரண்டு தாள அலகு கொண்ட கட்டமைப்பு. மூன்றே அடிப்படைச் சுரக்கூட்டுகள். முதலடியை மடக்கிப் பாடி, மூன்றாமடியால் முடிக்கும் பாட்டமைப்பு. இவற்றை எவரும் தம்முடையவை என்று கூற இயலாது. வெண்பா யாப்பை ஒரு புலவன் தனக்கே உரியது என்று கூற இயலாததைப் போன்றதே இது. அங்கும் இங்கும் மிதந்து திரியும் சில அடிகளும் பொதுச்சொத்தே. இதனைக் காட்டித்தான் பேஜுக்காக வாதாடுவோர், “புளூஸ் முழுவதுமே ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்ததுதான், அது மரபு, மரபில் உரிமை ஏது?” என்பர். கேட்பதற்கு இனிய வாதம். அதற்கு மறுமொழி கூறுமுன் நடந்தவற்றைக் காண்போம்.

வில்லி டிக்சன் 1915-இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். சிகாகோவில் செஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் பாட்டெழுதியும், பிறர் பாட்டுகளுக்கு டபுள் பாஸ் வாசித்தும், ஒலிப்பதிவை நெறிப்படுத்தியும் உழைத்தவர். அவர் எழுதிய ‘யூ நீட் லவ்’ என்னும் பாட்டை மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிப் பதிவு செய்தார். 1966-இல் ‘ஸ்மால் ஃபேசஸ்’ என்னும் ஆங்கிலேயக் குழு அதனைச் சிறிதே பெயர் மாற்றிப் பாடியது. தட்டில் டிக்சன் பெயர் இல்லை. 1969-இல் லெட் செப்பலின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாடியது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறிய பாட்டு அது. சொற்களிலும் பாடும் போக்கிலும் டிக்சனின் பாட்டு உள்ளிருந்து எட்டிப் பார்க்கின்றது. தட்டில் குழுவினர் நால்வர் பெயரே இருந்தது.

அவர்கள் டிக்சனை அறியார் என்று கூறித் தப்பவும் வழியில்லை. அதே 1969-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில், ‘யூ ஷுக் மீ’, ‘ஐ கான்ட் குவிட் யூ பேபி’ ஆகிய இரு பாட்டுகளுக்கு வில்லி டிக்சன் பெயர் முறையாகவே அச்சிடப்பட்டிருந்தது. ஜனவரியில் தெரிந்த பெயர் அக்டோபரில் வந்த இரண்டாம் தட்டில் மறந்துபோனது! அவ்விரண்டாம் தட்டிலேயே, சானி பாய் வில்லியம்சன் பாடிய டிக்சனின் ‘பிரிங் இட் ஆன் ஹோம்’ பாட்டும், ஹவுலின் உல்ஃப் 1964-இல் பாடிய ‘கில்லிங் ஃபுளோர்’ பாட்டும் குழுவின் சொந்தச் சரக்காகவே வெளிவந்தன. பின்னதற்கு ‘தி லெமன் சாங்’ என்று புதுப்பெயரும் இடப்பட்டது. அவற்றுக்காக வெளியீட்டு நிறுவனம் 1972-இல் வழக்குத் தொடுக்க, நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் ஏற்பட்டுப் பெயர்கள் திருத்தப்பட்டன. ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்காக டிக்சன் 1985-இல் வழக்கிட்டார். 1987-இல் அதுவும் இணக்கமாக முடிந்தது. பாட்டு வெளிவந்தபோது ஐம்பத்து நான்கு வயதினராய் இருந்தவர், எழுபதாம் வயதில் வழக்கு மன்றப் படியேறித் தம் பெயரைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நியாயமாகக் கூற வேண்டியதைக் கூறிவிடுவோம். ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டைத் தொடக்கமுதல் இழுத்துச் செல்லும் அந்தக் கனத்த கித்தார்ச் சுழற்சி பேஜின் சொந்தக் கற்பனை. டிக்சனின் பாட்டில் அஃது இல்லை. நடுவே வரும் விந்தையொலிப் பகுதியும் அவ்வாறே. பேஜ் ஒரு நேர்காணலில், கித்தார்ப் பகுதிகளில் எவராலும் தம்மைப் பிடிக்க முடியவில்லை என்றும், சொற்களை மாற்ற வேண்டிய பாடகர் ராபர்ட் பிளாண்ட் எப்போதும் மாற்றிவிடவில்லை என்றும், அதனாலேயே தொல்லை வந்தது என்றும் பொருள்பட மொழிந்திருக்கிறார். ஆசிரியப் பணியில் இருப்போர் இவ்விடையை முன்பே எங்கோ கேட்டிருப்பர். “எழுதியது நானல்லேன் ஐயா, வாக்கியங்களை மாற்றி எழுது என்று நண்பனிடம் சொல்லித்தான் கொடுத்தேன்” என்னும் மாணவனின் விடை அது. மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோதே, எடுத்தது பிறன் பொருள் என்பது தெரிந்திருந்தது என்றாகின்றது. மேலும், ஒரு பாட்டில் பாதி தம்முடையது, பாதி பிறருடையது எனின், தட்டில் இரு பெயரையும் அச்சிடுவதற்கு இடமா இல்லாமற் போயிற்று? நால்வர் பெயருக்கு இருந்த இடத்தில் ஐந்தாமவர் பெயரும் அடங்கியிருக்கும். இன்று அடங்கித்தான் இருக்கின்றது.

டிக்சனும் மாசற்றவர் அல்லர் என்று சிலர் சுட்டுவர். உண்மையே. 1955-இல் லிட்டில் வால்ட்டர் பாடிப் புகழ்பெற்ற டிக்சனின் ‘மை பேப்’, ‘திஸ் டிரெயின்’ என்னும் பழைய திருச்சபைப் பாட்டின் மெட்டிலேயே நடக்கின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும், சொல்லுவோம். ஆயினும் ஒருவர் பொது ஊருணியில் ஒரு குடம் மொண்டதைக் காட்டி, அவர் வீட்டுக் குடத்தைத் தூக்கிச் செல்வதை நியாயப்படுத்த முடியாது.

அடுத்து ஜேக் ஹோம்ஸ். இவர் நியூயார்க்கைச் சேர்ந்த பாடகர். புளூஸ் மரபினரும் அல்லர். ஆகவே ‘மரபு’ என்னும் கேடயம் இவரிடம் செல்லாது. 1967-இல் வெளியிட்ட தம் இசைத்தட்டில் ‘டேஸ்டு அண்டு கன்ஃபியூஸ்டு’ என்னும் பாட்டைப் பாடினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் ஒரே மேடையில் ஹோம்ஸும் யார்ட்பேர்ட்ஸ் குழுவும் அடுத்தடுத்துப் பாடினர். யார்ட்பேர்ட்ஸில் அப்போது கித்தார் வாசித்தவர் பேஜ். அதன்பின் அக்குழு அப்பாட்டைத் தன் மேடைகளில் வாசிக்கலாயிற்று. 1969 ஜனவரியில் வந்த லெட் செப்பலின் முதல் தட்டில் அதே தலைப்பில், இறங்கிவரும் அதே அடிச்சுர வரிசையில், சொற்கள் பெரும்பாலும் மாற்றப்பட்டு, அப்பாட்டு ஒலித்தது. ஆக்கியோன்: ஜிம்மி பேஜ். வேறெவர் பெயரும் இல்லை. வயலின் வில்லால் கித்தாரின் தந்திகளை உரசி அவர் எழுப்பிய ஓலம் கேட்போரை நடுங்கவைத்தது, அவ்வோலம் அவருடையதுதான். ஆனால் பிறன் வீட்டுக்கு மாடி கட்டியவன் அடிமனைக்கும் பட்டா கேட்கலாமா?

வழக்கிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தமக்கு ஓரளவேனும் மதிப்பளிக்குமாறு மடல் எழுதியதாகவும் மறுமொழி வரவில்லை என்றும் ஹோம்ஸ் கூறியிருக்கிறார். 2010-இல் வழக்குத் தொடுத்தார். உடன்பாடு ஏற்பட்டு 2012 தொடக்கத்தில் வழக்கு முடிவுற்றது. உடன்பாட்டின் விவரம் வெளியிடப்படவில்லை. அவ்வாண்டே வெளிவந்த அக்குழுவின் ‘செலபிரேஷன் டே’ இசைத்தட்டில், பேஜின் பெயருக்குப் பக்கத்தில் ஜேக் ஹோம்ஸின் ‘தூண்டுதலால்’ இயற்றப்பட்டது என்னும் குறிப்பு இடம்பெற்றது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, வழக்கறிஞர்களின் துணையோடு கிடைத்த சொல், தூண்டுதல்! தலைப்பும் அடிச்சுரமும் ஒன்றாயிருக்கும் பாட்டைத் தூண்டுதல் என்பதாயின், நகலெடுப்புக் கடைகளைத் தூண்டுதல் நிலையங்கள் என்று அழைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்திவிடுவதும் தவறு. ‘பேப் ஐ’ம் கோனா லீவ் யூ’ என்னும் பாட்டை 1950-களில் இயற்றியவர் ஆன் பிரெடன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. ஜோன் பயெஸ் 1962-இல் அதனைப் பாடியபோது தட்டில் மரபுப் பாட்டு என்றே குறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கேட்டுப் பேஜும் மரபுப் பாட்டு என்றே தம் தட்டில் குறித்தார். பின்னர் உண்மை வெளிப்பட்டு, 1990 அளவில் பிரெடன் பெயர் சேர்க்கப்பட்டு, உரிமைத்தொகையும் அவரைச் சென்றடைந்தது. இது பிழை; களவன்று. பேஜ் அங்கே முழுப்பாட்டையும் தம்முடையது என்று கூறவில்லை என்பதே வேறுபாடு.

‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பற்றிய பெருவழக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். 1971-இல் வந்த அப்பாட்டின் தொடக்கம், ‘ஸ்பிரிட்’ என்னும் குழுவின் ரேண்டி கலிபோர்னியா இயற்றி 1968-இல் வெளிவந்த ‘டாரஸ்’ என்னும் கித்தார் இசையை ஒத்திருப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. ரேண்டி கலிபோர்னியா 1997-இல் ஹவாய்க் கடலில் தம் மகனைக் காப்பாற்றித் தாம் உயிர் நீத்தவர். அவருடைய சொத்துப் பொறுப்பாளர் 2014-இல் வழக்கிட்டார். 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரியினர் லெட் செப்பலினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். 2018-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்புத் தள்ளப்பட்டது. 2020 மார்ச்சில் அம்மேல்முறையீட்டு மன்றத்தின் விரிந்த அமர்வு ஜூரியின் தீர்ப்பையே நிலைநாட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. தீர்ப்பு சரியானதே. அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கிவரும் அடிச்சுர வரிசை பல நூற்றாண்டுகளாக மேனாட்டு இசையில் வழங்கிவருவது. அதற்குப் பட்டா கேட்டால், அகவலின் ஓசைக்கும் ஒருவன் பட்டா கேட்பான். முன்பு பலமுறை எடுத்தவர் என்பதற்காக, எடுக்காததையும் எடுத்தார் என்று கூறுவது அறமன்று.

இப்போது ‘மரபு’ வாதத்துக்கு வருவோம். பாட்டு ஊர்ப்பொதுச் சொத்து, அதில் எவருக்கும் உரிமை இல்லை என்பது உண்மையாயின், பேஜுக்கும் அதில் உரிமை இல்லை. பொதுச் சொத்து என்று கருதியவர் தட்டில் மரபுப் பாட்டு என்று அச்சிட்டிருக்க வேண்டும். 1970-இல் ‘கேலோஸ் போல்’ என்னும் பழம்பாட்டுக்கு அவ்வாறே அச்சிட்டனர். முறை தெரியாதவர்கள் அல்லர். எடுக்கும்போது ஊர்ச்சொத்து, விற்கும்போது சொந்தச் சொத்து என்பது எந்த மரபிலும் இல்லாத கணக்கு. இந்த ஒரு முரணைத் தீர்க்காமல் ‘மரபு மரபு’ என்று எவ்வளவு பாடினாலும் வாதம் நிற்காது.

குருட்டுப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சனின் கதை இதனைத் தெளிவாக்கும். டெக்சாஸ் மாநிலத்தில் தெருமுனைகளில் நின்று இறைப்பாட்டுப் பாடிப் பிழைத்தவர் அவர். ‘இட்ஸ் நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்’ என்னும் பாட்டை 1927-இல் பதிவு செய்தார். வீடு தீக்கிரையாகி, அவ்விடிபாட்டிலேயே தங்கி, 1945-இல் வறுமையில் மாண்டார். லெட் செப்பலின் 1976-இல் ஏறத்தாழ அதே தலைப்பில், அதே பல்லவியை வைத்து ஒரு பாட்டை வெளியிட்டது. பெயர் பேஜுக்கும் பிளாண்டுக்கும். அடுத்த ஆண்டே, 1977-இல், ஜான்சனின் வேறொரு பாட்டு வாயேஜர் விண்கலத்தின் பொன்தட்டில் ஏறி, மனித இனத்தின் குரல்களுள் ஒன்றாக விண்வெளிக்குச் சென்றது. விண்மீன்களுக்கு அனுப்பத் தகுந்த கலைஞரை இலண்டன் இசைத்தட்டின் பொடி எழுத்தில் சேர்க்கத் தகுதியற்றவராக்கியது எது? அவருக்காக வழக்காட எவரும் இல்லை என்பதையன்றி வேறு காரணம் புலப்படவில்லை. மேலே கண்டவற்றை எண்ணிப் பார்த்தால், பெயர் திருத்தப்பட்ட பெரும்பாலான இடங்களில் ஒரு வழக்கறிஞர் நின்றிருக்கிறார். வழக்கறிஞர் வாராத இடத்தில் பெயரும் வரவில்லை.

“அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தனர்” என்பது இறுதி அரண். அதுவும் சாய்ந்துவிடும். எரிக் கிளாப்டன் கித்தார் வாசித்த ‘கிரீம்’ குழு, 1966-இல் தன் முதல் தட்டில் ஸ்கிப் ஜேம்ஸின் ‘ஐ’ம் சோ கிளாட்’ பாட்டைத் தன் போக்கில் பெரிதும் மாற்றியே பாடியது; ஆயினும் ஸ்கிப் ஜேம்ஸ் பெயரை அச்சிட்டது. 1969-இல் இறப்பதற்கு முந்திய நோய்க்காலத்தில் அம்முதியவருக்கு அவ்வுரிமைத்தொகை கைகொடுத்தது. அதே தட்டில் டிக்சனின் ‘ஸ்பூன்ஃபுல்’ டிக்சன் பெயரிலேயே வந்தது. கிளாப்டனின் புகழ் அதனால் ஒரு மாற்றுக் குறையவில்லை. லெட் செப்பலின்கூட 1975-இல் ஒருமுறை, விமான விபத்தில் பதினேழு வயதில் மாண்ட ரிச்சி வேலன்ஸின் பாட்டைத் தழுவியபோது, அவர் தாயாருக்கு ஏதேனும் கிடைக்கட்டும் என்று கருதித் ‘திருமதி வேலன்ஸ்’ எனத் தட்டில் சேர்த்தது. பொடி எழுத்துப் பெயர் ஓர் ஏழைத் தாய்க்கு என்ன செய்யும் என்பதை நன்கு அறிந்தவர்களே, பிற இடங்களில் அறியாதவராய் இருந்தனர்.

இதுகாறும் கூறியவை கடல் கடந்த கதை. ஆனால் பள்ளி ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால் கடல் அவ்வளவு அகலமன்று என்பது புலப்படும். ஊரறிந்த திரைப்பாட்டின் மெட்டில் பள்ளி வாழ்த்து; கீழே ‘பாடல், இசை: இன்னார்’ என்று ஆசிரியர் பெயர். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் இவ்வழக்கம் இல்லை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இஃது இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி அச்சிட்டிருப்பர். நாடகப் பாட்டு எழுதியவர்கள், காலணா விலைக்குச் சந்தையில் விற்ற குஜிலி நூல்காரர்கள் முதலானோர்கூட அந்த ஒரு வரியை விட்டதில்லை. படித்தவர்களிடம் அவ்வரி காணாமற் போயிற்று. கட்டுரைப் போட்டிகளிலோ, வழிகாட்டி நூலின் பத்தி அப்படியே பரிசு பெறுகின்றது. கண்டுபிடித்துக் கேட்டால், ‘படித்ததன் தாக்கம்’ என்று மாணவன் கூறுகின்றான். அச்சொல்லை அவனுக்குக் கற்பித்தவர் யார்? மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்துவரச் சொன்ன வகுப்பறைதானே! எடுத்தாள்வதைத் தடுப்பதால் மொழி வளராது, எடுத்தாளத்தான் வேண்டும். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் கூசாமல் விடை கூறும் பழக்கத்தை நான்காம் வகுப்பிலேயே ஊட்டலாம். தாளின் அடியில் ஒரு வரி எழுதச் சொன்னால் போதும். அவ்வரிக்கு மதிப்பெண் உண்டு என்றும் சொல்லிவிட்டால், எழுதாமல் எவனும் விடமாட்டான்.

சட்டம் இதனையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. சட்டத்தின் கை எட்டாத இடமும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1943-இல் பிறந்த பெர்ட் ஜான்ஷ், தந்திகளை ஒவ்வொரு விரலாலும் தனித்தனியே மீட்டும் முறையில் ஈடிணையற்ற கித்தார்க் கலைஞர். ‘பிளாக்வாட்டர்சைடு’ என்னும் நாட்டுப்பாட்டை ஆன் பிரிக்ஸ் என்னும் பாடகியிடம் கற்று, அதற்குத் தாமே ஒரு கித்தார் நடையை அமைத்து 1966-இல் பதிவு செய்தார். பாட்டு மரபினுடையது, அந்நடை அவருடையது. 1969-இல் லெட் செப்பலின் முதல் தட்டில் ‘பிளாக் மவுண்டன் சைடு’ என்றொரு கித்தார் இசை வந்தது. ஆறு மலையாயிற்று, நடை அப்படியே நின்றது. டேவி கிரகாம் என்னும் மற்றொரு கலைஞர் பரப்பிய தனிச்சுருதி முறையில் பேஜ் அதனை வாசித்தார். விராம் ஜசானியின் தபேலா உடன் ஒலித்தது. அழகிய வாசிப்பு, ஐயமில்லை. ஆக்கியோன் பெயர் ஜிம்மி பேஜ் ஒருவருடையது. ஜான்ஷ் மரபுப் பாட்டு என்று குறித்ததைப் பேஜ் தமதாக்கிக்கொண்டார்.

ஜான்ஷின் வாசிப்பைக் கேட்டு மயங்கிக் கிடந்ததாகப் பேஜ் நேர்காணல்களில் வாயாரக் கூறியிருக்கிறார். வாயால் வழங்கிய புகழுக்கு உரிமைத்தொகை இல்லை. மூலப்பாட்டு மரபினுடையது ஆதலின், அதற்கு அமைத்த விரல்நடையில் சட்ட உரிமை கோருவது கடினம், வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஜான்ஷ் 2011 அக்டோபரில் காலமானார். 2014-இல் லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டு, பேஜின் மேற்பார்வையிலேயே ஒலி செப்பஞ்செய்யப்பட்டு மீண்டும் வெளிவந்தது. அதில் ‘டேஸ்டு அண்டு கன்ஃபியூஸ்டு’ பாட்டுக்கு ஹோம்ஸின் தூண்டுதல் குறிக்கப்பட்டிருந்தது. ‘பிளாக் மவுண்டன் சைடு’க்கு நேரே, 1969-இல் இருந்தவாறே, ஒரு பெயர்தான் இருந்தது.